வௌவாலுக்குச் செதில் உண்டா?

ஓர் எழுத்து. ஒன்றே ஒன்று. ‘வ’. அதைப் பத்தொன்பது குழந்தைகளுக்குக் கற்பிக்க நமக்குப் பதினொரு மாலைகள் பிடித்தன.

கல்லூரியில் தமிழிலக்கியம் பயின்று பட்டம் பெற்றவர், பகலெல்லாம் பள்ளியில் பாடம் நடத்துபவர், ஒற்றை எழுத்துக்கு இத்தனை நாளா என்று தோழர்கள் புருவம் நெறிக்கக்கூடும். ஒரே மாலையில் முடித்துவிடலாம் என்றுதான் நாமும் புறப்பட்டோம். கையிலே சுருட்டிய படத்தாள், பையிலே சுண்ணக்கட்டி, நெஞ்சிலே இறுமாப்பு. இம்மூன்றில் முதலாவது இன்று நம்மிடம் இல்லை. மூன்றாவதும் பெரிதும் கரைந்துவிட்டது.

இடம், ஊரூர் ஒல்காட் குப்பம். அடையாறு கடலோடு கலக்கும் முகத்துக்குத் தெற்கே, 1977இல் இடிந்து இன்றும் ‘உடைந்த பாலம்’ என்ற பெயரோடு நிற்கும் பாலத்துக்கும், மாநகரம் மாலைதோறும் காற்று வாங்க வரும் எலியட்ஸ் கடற்கரைக்கும் இடையே ஒதுங்கிக் கிடக்கும் மீனவர் ஊர். மேற்கே கூப்பிடு தொலைவில் பிரம்மஞான சபையின் பெருந்தோட்டம். 1882இல் அச்சபை அடையாற்றுக்கு வந்தது. அதன் தலைவர், அமெரிக்கரான கர்னல் ஒல்காட்டின் பெயர்தான் குப்பத்தின் பெயரிலும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பிரம்மத்திலும் நமக்கு நம்பிக்கை இல்லை, அதன் ஞானத்திலும் இல்லை. ஆயினும் ‘பஞ்சமர்’ என்று முத்திரை குத்திப் பள்ளிப் படிக்கட்டில் ஏறவிடாது விரட்டப்பட்ட பிள்ளைகளுக்காக 1894இல் இலவசப் பள்ளி ஒன்றைத் திறந்தாரே அந்த மனிதர், அதற்காக அவர் பெயரை உச்சரிக்க நம் நா கூசாது.

நம் வகுப்பு பள்ளியில் அன்று. வலை காயும் மணல்வெளியை ஒட்டிய ஒரு வீட்டுத் திண்ணையில். வந்தவர்கள் ஆறு முதல் ஒன்பது அகவை வரையுள்ள பிள்ளைகள். எழுத்துக் கூட்டத் தெரியாதவர்கள், ‘மந்தம்’ என்ற ஒற்றைச் சொல்லால் முடித்துவைக்கப்பட்டவர்கள். அந்தச் சொல்லைச் சொன்னது எந்தப் பள்ளி என்பது இங்கே வேண்டாம். எல்லாப் பள்ளிகளிலும் அச்சொல் கைக்கெட்டும் இடத்தில்தான் இருக்கிறது. நம் நாவிலும் இருந்தது.

படத்தாளை விரித்தோம். வண்டு, வாழை, விமானம், வீணை, வெள்ளரி, வேடன், வைரம், வௌவால். வண்ண வண்ணப் படங்கள். வீணையை மட்டும் தனியே அச்சிட மனம் வரவில்லை போலும். ஏந்திய கைகளையும் சேர்த்தே போட்டிருந்தார்கள். நான்கு கைகள்! ‘வ’ கற்க வந்த குழந்தைக்கு நான்கு கைகளுக்கும் விளக்கம் சொல்ல வேண்டிய கடமை வேறு ஆசிரியர் தலையில். வேடனை அவர்கள் கண்டதில்லை. வைரத்தை நாமே கண்டதில்லை.

“வௌவால்” என்றோம். “சொல்லை எழுதி, கீழே படம் போடுங்கள்.”

ஏழு அகவைச் சிறுவன் ஒருவன் எல்லோருக்கும் முன்னால் எழுதி முடித்து ஏட்டை நீட்டினான். ‘வவ்வால்’ என்று எழுதியிருந்தான். கீழே தட்டையாய், அகன்று, வால் பிளந்த ஒரு மீன். சிவப்பு மையால் ஒரு பெருக்கல் குறி போட்டோம். சொல்லும் பிழை, படமும் பிழை என்று இரண்டுக்கும் சேர்த்து ஒன்று. அவன் அழவில்லை. ஏட்டை மூடினான். மறுநாளும் அதற்கடுத்த நாளும் வந்து உட்கார்ந்தான், வாய் திறக்கவில்லை. நான்காம் நாள் வரவில்லை.

நாம் பிறந்தது கடலுக்குத் தொலைவான ஊர். ஏரிக் கெண்டையும் கெளுத்தியும் தவிர மீன் பெயர் அறியோம். அந்த வார ஞாயிறு காலையில் கரையோரம் நடந்தபோது, மீன் பரப்பி வைத்திருந்த பெண்களின் நடுவிலிருந்து ஒரு குரல்: “வவ்வா! வெள்ளை வவ்வா!” திரும்பிப் பார்த்தோம். தட்டையாய், அகன்று, வால் பிளந்து, வெள்ளித் தகடுபோல் மின்னிக்கொண்டு கிடந்தது நாம் பிழை போட்ட படம்! கூவியவர் அச்சிறுவனின் தாய். கூடைக்குப் பின்னால் குந்தியிருந்தவன் அவனே. நம்மைக் கண்டதும் கூடைக்குப் பின்னே இன்னும் ஒதுங்கினான்.

மரத்தில் தலைகீழாகத் தொங்குவது ஒரு வௌவால். நீரில் நீந்துவது இன்னொரு வௌவால். சென்னைப் பட்டினத்து மீன் கடை அத்தனையிலும் வழங்கும் பெயர் அது. ஏழு அகவைப் பிள்ளைக்குத் தெரிந்தது பட்டம் பெற்ற நமக்குத் தெரியவில்லை. தெரியாதவர் கையில் சிவப்பு மை இருந்தது. தெரிந்தவன் வாயடைத்துப் போனான். இதற்குப் பெயர் கல்வியாம்!

சொல்லும் பிழையன்று. ஐ, ஔ என்னும் இரண்டையும் விலக்கி, அய், அவ் என்று எழுதலாமே என்றவர் பெரியார். 1935இல் ‘குடி அரசு’ ஏட்டிலேயே சீரெழுத்துகளை அச்சேற்றத் தொடங்கியவர். தமிழ்நாட்டு அரசு 1978இல் அவருடைய சீர்திருத்தத்தில் லை, ணை, னை, றா முதலியவற்றை மட்டும் ஏற்றது. ஐகார ஔகாரங்களைத் தொடவில்லை. இவ்வரலாறு எதுவும் அறியாமல், காதில் விழுந்ததைக் காதில் விழுந்தவாறே எழுதியிருந்தான் சிறுவன். பெரியாரின் எழுத்துச் சீர்திருத்தம் பற்றிக் கல்லூரி மேடையில் அரை மணி நேரம் முழங்கியவர் நாம். அவன் ஏட்டில் அதைக் கண்டபோது பெருக்கல் குறி போட்டோம்.

அங்கேயே மணலில் உட்கார்ந்தோம். “தம்பி, பிழை நம்முடையது” என்றோம். அவன் நெடுநேரம் மீனையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “அப்ப மார்க்கு?” என்றான். சிவப்புக் குறியை அடித்துவிட்டு முழு மதிப்பெண் போட்டபிறகே எழுந்துவரவிட்டான்.

படத்தாள் அன்றே பரணுக்குப் போயிற்று. “உங்கள் வீட்டில், உங்கள் கரையில், ‘வ’ என்று தொடங்கும் சொல் என்னென்ன?” என்று கேட்டோம். நியூசிலாந்தில் மாவோரிக் குழந்தைகளுக்குப் பாடம் சொன்ன சில்வியா ஆஷ்டன்-வார்னர், குழந்தை முதன்முதல் படிக்கும் சொல் அதன் உள்ளத்திலிருந்தே வரவேண்டும் என்று 1963இல் வெளிவந்த தம் நூலில் எழுதினார். படித்திருந்தோம். படித்ததைப் பரணில் வைத்திருந்தோம். இப்போது படத்தாளை அங்கே ஏற்றி அதை இறக்கினோம்.

சொற்கள் கொட்டின. வலை, வஞ்சிரம், வாளை, வலம்புரி, வானம், வெயில், விலை. ஆறு அகவைப் பெண் ஒருத்தி “வட்டி” என்றாள். திண்ணையில் ஒருவரும் வியக்கவில்லை. இன்னொருவன் “வாரியம்” என்றான். குடிசை மாற்று வாரியமாகத் தொடங்கி, 2021இல் பெயர் மாறி, நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியமான அதே வாரியம். வஞ்சிரம் என்ற சொல்லை எழுதிய சிறுமியிடம், “வஞ்சிரம் உனக்குப் பிடிக்குமா?” என்று நாம் கேட்டது அடுத்த அறியாமை. “வஞ்சிரம் விக்கறதுக்கு சார். நெத்திலிதான் துன்றதுக்கு” என்றாள்.

‘வா’வுக்கு வந்தோம். எட்டு அகவைச் சிறுமி, அதுவரை பேசாதிருந்தவள், மெல்ல “வாடை” என்றாள். பின்னாலிருந்து ஒரு சிரிப்பு. அவள் முகம் கவிழ்ந்தது. பள்ளியில் பக்கத்து இருக்கைப் பிள்ளை இவளைக் கண்டதும் மூக்கைப் பிடித்துக்கொள்ளுமாம். ‘மீன் வாடை’ என்னுமாம். அச்சொல் ‘வா’வில் தொடங்குவதை அவள் மறக்க முடியுமா? வேறு சொல்லுக்குத் தாவிவிடலாம் என்று நாம் வாயெடுத்தபோது, திண்ணை ஓரத்தில் நூலும் ஊசியுமாய் வலையைச் செப்பனிட்டுக்கொண்டிருந்த ஆயா தலை நிமிர்ந்தார்.

“எவன்டா சிரிக்கிறது? வாடைன்னா காத்துடா. வடக்கேந்து வர்ற காத்து. அது எப்ப வீசும், எப்ப அடங்கும்னு தெரியாதவன் கடல்ல எறங்குவானா?”

பத்துப்பாட்டில் ஒரு நூலின் பெயரிலேயே அந்த வாடை வீசுகிறது. நெடுநல்வாடையைப் பாடமாகப் படித்துத் தேர்வெழுதியவர் நாம். அந்தச் சொல் அத்திண்ணையில் விழுந்தபோது நமக்கும் நினைவுக்கு வந்தது காற்றல்ல, மூக்கு. ‘வாடை: வடக்கிலிருந்து வரும் காற்று’ என்று பலகையில் எழுதினோம். சிறுமி அதை ஏட்டில் இருமுறை எழுதிக்கொண்டாள்.

ஒலி பற்றியும் சொல்ல வேண்டும். மேற்பல் கீழிதழோடு பொருந்த ‘வ’ பிறக்கும் என்று வகுத்துவைத்தார் தொல்காப்பியர். ஒலி பிறக்கும் இடத்தை இத்தனை நுணுக்கமாய் ஆய்ந்த மொழி நம்முடையது என்று மேடைகளில் பூரிக்கிறோம். நம் வகுப்பில் நால்வருக்கு மேற்பல் விழுந்திருந்தது! உதட்டைத் தொடப் பல் இல்லை; குவிந்த இதழ்களின் வழியே காற்று மட்டும் வந்தது. ஒருத்தி ஆட்காட்டி விரலைப் பல் இருந்த இடத்தில் வைத்துக்கொண்டு “வ” என்றாள். சரியாக வந்தது. மற்ற மூவரும் விரல் வைத்துக்கொண்டார்கள். பல் இருந்தவர்களும் வைத்துக்கொண்டார்கள். தொல்காப்பியர் அன்று அத்திண்ணையில் இருந்திருந்தால் சிரித்திருப்பார்.

அவரே இன்னொன்றும் சொன்னார்: உ, ஊ, ஒ, ஓ என்னும் நான்கோடும் கூடி ‘வ’ சொல்லுக்கு முதலில் வாராது. வு, வூ, வொ, வோ என்று தொடங்கும் தமிழ்ச் சொல் இல்லை. இதை எளிதாகச் சொல்லி, “வோ என்று தொடங்கும் சொல் ஒன்றும் கிடையாது” என்றோம். “இருக்குது சார்!” என்று மூன்று குரல்கள். “வோட்டு!” ஐந்தாண்டுக்கு ஒருமுறை குப்பத்துக்கு வண்டியேறி வரும் சொல்லல்லவா? எப்படி மறுப்பது? தமிழில் அது ‘வாக்கு’ என்று எழுதிக் காட்டினோம். அதுவும் ‘வா’விலேயே அடங்கிற்று. (கால் என்னும் பின்னத்துக்குப் பழந்தமிழர் இட்ட குறியும் ‘வ’ போன்றதே. இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லவில்லை. நம் புலமையைக் காட்ட வேறு இடம் இருக்கிறது.)

எழுதிப் பழகப் பலகை போதவில்லை. மணலுக்கு இறங்கினோம். விரலே எழுதுகோல், அலை வந்து அழித்துக்கொடுக்கும். நடப்பதை எட்ட நின்று பார்த்தபோது ஆண்ட்ரூ பெல் நினைவுக்கு வந்தார். எழும்பூரில் படைவீரர்களின் பிள்ளைகளுக்கென நடந்த அனாதை விடுதிப் பள்ளிக்கு 1789இல் பொறுப்பேற்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார். ஒருநாள் காலை குதிரையில் போகையில், நம்மவர் பள்ளி ஒன்றில் பிள்ளைகள் தரையில் அமர்ந்து மணலில் விரலால் எழுதுவதைக் கண்டார். தம் பள்ளியிலும் அப்படியே செய்யச் சொன்னார். உதவி ஆசிரியர் முகம் சுளிக்கவே, எட்டு அகவைச் சிறுவன் ஒருவனையே சின்னப் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லித்தர அமர்த்தினார். 1797இல் இலண்டனில் அதை நூலாக்கினார். ‘சென்னை முறை’ என்று பெயர் பெற்று அது இங்கிலாந்தில் ஆயிரக்கணக்கான பள்ளிகளுக்குப் பரவிற்று. அவர் விட்டுச்சென்ற பொருளால் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் 1833இல் எழுந்த பள்ளியின் பெயர் இன்றும் ‘மெட்ராஸ் கல்லூரி’.

நம் மண்ணின் முறை கடல் கடந்து கொடி நாட்டியது என்று இங்கே கைதட்டலாம். தட்டுமுன் ஒரு கேள்வி. பெல் கண்ட அந்த மணலில் உட்கார்ந்திருந்தவர்கள் யார் வீட்டுப் பிள்ளைகள்? கட்டுமரம் ஏறுபவன் பிள்ளைக்கும் சேரியில் பிறந்த பிள்ளைக்கும் அந்நாளைய திண்ணைப் பள்ளிகளில் எத்தனை இடம் ஒதுக்கியிருந்தார்கள்? மணல் இவர்கள் ஊரில் கிடந்தது. எழுத்து வேறெங்கோ இருந்தது. நூற்றைம்பது ஆண்டு கழித்து, 1939இல், மரியா மாண்டிசோரி அம்மையார் இதே அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி தந்தார். உப்புத்தாளில் எழுத்தை வெட்டி ஒட்டி, குழந்தை அதை விரலால் தடவிக்கொண்டே ஒலியைச் சொல்லவேண்டும் என்பது அவர் முறை. அருமையான முறைதான். அந்தத் தாள் இன்று கடையில் விற்கும் விலை நமக்குக் கட்டுப்படியாகவில்லை. கரையில் உப்பும் மணலும் விலையின்றிக் கிடந்தன.

ஆயாவும் மணலுக்கு வந்தார். மூன்றாம் வகுப்பு வரை படித்தவராம். “நானும் எழுதுவேன்” என்று குனிந்து ‘வலை’ என்று எழுதினார். 1978க்கு முந்திய லை. யானைத் துதிக்கைபோல் மேலே சுழி தூக்கிய பழைய லை! பிள்ளைகள், “ஆயா, தப்பு, தப்பு!” என்று கூச்சலிட்டார்கள். இந்த முறை நாம் சிவப்பு மையைத் தொடவில்லை. அது அவர் காலத்து லை, இது உங்கள் காலத்து லை, இரண்டாலும் மீன் பிடிக்கலாம் என்றோம். ஆயா புதிய லையை ஒருமுறை எழுதிப் பார்த்து, “இது சுளுவா இருக்குதே” என்றார்.

இப்படி நாம் நிறைவோடு நடந்துகொண்டிருந்தபோதுதான், ஏழாம் மாலை, வவ்வால் விற்ற அந்தத் தாய் வந்து திண்ணைக்குக் கீழே நின்றார். இடுப்பில் வெறுங்கூடை.

“சார், ஒண்ணு கேக்கலாமா? எம் புள்ளைக்கு வலைன்னா இன்னான்னு நீங்க வந்து சொல்லணுமா? அது பொறந்ததே வலை மேலதான். வஞ்சிரம், வாளை, வவ்வா எல்லாம் நானே சொல்லிக் குடுப்பேன். எனக்குத் தெரியாததச் சொல்லிக் குடுங்க. வக்கீலுன்னு எழுதச் சொல்லிக் குடுங்க.”

தோழர்களே, அந்த அம்மையார் பள்ளி சென்றவரல்லர். 1953இல் இராசகோபாலாச்சாரியார் ஆட்சி கொண்டுவந்த திட்டத்தின் பெயரைக்கூடக் கேட்டிருக்கமாட்டார். பள்ளி நாளொன்றுக்கு மூன்று மணி நேரம். மீதி நேரம் அப்பன் தொழிலைப் பழகு என்றது அத்திட்டம். குலக்கல்வி என்று பெயரிட்டு நாடே எதிர்த்தது. 1954இல் அவர் பதவி விலகினார். காமராசர் அவ்வாண்டே அதைக் குழிதோண்டிப் புதைத்தார். அந்தப் போராட்டத்தின் கதை கேட்டு வளர்ந்தவர் நாம். அத்தகைய நம்மைப் பார்த்து, ‘மீனவன் பிள்ளைக்கு மீன் பெயரா?’ என்று கேட்கிறார் ஒரு தாய்! நமக்கு மறுமொழி வரவில்லை.

இரவெல்லாம் அதையே எண்ணினோம். குலக்கல்வியின் கொடுமை குயவன் மகனுக்கு மண் தெரிந்திருந்ததில் இல்லை. மூன்று மணிக்குமேல் அவனுக்கு வேறெதுவும் தெரியவேண்டாம் என்றதில் இருந்தது. அலுவலர் மகனை யாரும் அந்த மண்ணைத் தொட அனுப்பாததில் இருந்தது. அப்படியானால் நாம் செய்தது பாதி வேலை. எழுத்துக்குள் நுழைய வீட்டுச் சொல்லே வாயில் என்பதில் இன்றும் நமக்கு ஐயமில்லை, பேசாதிருந்தவன் பேசினானே! ஆனால் வாயிலிலேயே உட்காரவைத்துவிட்டால், நான்கு கை வீணைத்தாளைவிட நாம் எந்த வகையில் மேல்?

மறுநாள் பலகையில் நடுவே ஒரு கோடு கிழித்தோம். இடப்புறம் கரைச் சொற்கள். வலப்புறம், கேட்டறிந்த சொற்கள்: வக்கீல், விமானி, வேதியியல், வங்கி, விண்மீன். ‘வக்கீல்’ அரபியிலிருந்து வந்த சொல். தமிழில் ‘வழக்கறிஞர்’ என்று திருத்த நம் கை துடித்தது. அதுவும் ‘வ’ தான். ஆயினும் தாயின் வாயில் வந்தது வக்கீல். அதையே முதலில் எழுதினோம். வழக்கறிஞர் அதற்குக் கீழே போய் நின்றார்.

பகலில் நாம் பாடம் நடத்தும் பள்ளியிலும் அக்கோட்டைக் கிழித்தோம். அங்கே கடலைக் காற்று வாங்க மட்டுமே அறிந்த பிள்ளைகள். வௌவால் என்றால் மீனும்கூட என்றதும் வகுப்பு இரண்டாயிற்று. ஒரு சிறுமி “சீ” என்றாள். ஒருவன், கறுப்பு வவ்வால்தான் வறுவலுக்கு நல்லது என்று நீண்டதோர் உரையாற்றினான். வாடைக்கு மூக்கைப் பிடித்தவர்கள் இருந்தார்கள். காற்று என்று எழுதவைத்தோம். ‘சீ’ என்ற சிறுமி எழுதினாளே தவிர, முகத்தை மாற்றிக்கொள்ளவில்லை. ஒரே நாளில் மாறிவிடும் என்று நாமும் எதிர்பார்க்கவில்லை.

பதினோராம் மாலை. வகுப்பு கலையும் நேரம். தோட்டத்து மரங்களிலிருந்து கிளம்பிய பழந்தின்னி வௌவால்கள் குப்பத்துக்கு மேலே பறந்தன. சிறுவன் அண்ணாந்து பார்த்து, “அதுக்கு செதிலு உண்டா சார்?” என்றான். இல்லை, தோல் இறக்கை என்றோம். “அப்ப நம்ம வவ்வாதான் ஒஸ்தி” என்று தீர்ப்பளித்துவிட்டு ஏட்டை எடுத்துக்கொண்டு ஓடினான்.

அவன் தாய் கூடையை இறக்கி வைத்துவிட்டு ஏட்டை வாங்கிப் பிரித்தார். “இதுல வக்கீலு எது?” காட்டினான். “வவ்வா எது?” காட்டினான். இரண்டின்மேலும் விரலை வைத்து மாறி மாறிப் பார்த்தார்.

“ரெண்டும் ஒரே மாதிரிதான் ஆரம்பிக்குது” என்றார். பிறகு நம் பக்கம் திரும்பி, “நாளைக்கு இன்னா எழுத்து சார்?”

“‘க’ அம்மா. கடல் என்று தொடங்கப் போகிறோம்.”

“கடன்னும் எழுதுங்க” என்று சொல்லிச் சிரித்துக்கொண்டே கூடையைத் தூக்கினார்.